பைட்டிலிருந்து எழுத்துக்கு: கீழ்நிலை மென்பொருளில் ஐபி முகவரியை அச்சிட ஒரு முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய நெட்வொர்க் பலகைக்கு டிரைவர் எழுதிக்கொண்டிருந்தேன். 10.1.168.192 என்ற முகவரியிலிருந்து பாக்கெட் வருவதாக சீரியல் கன்சோலில் லாக் ஓடியது. பார்த்தால் சந்தேகமே வராத முகவரி. 10 என்று தொடங்குபவை தனியார் நெட்வொர்க்குகளுக்கு ஒதுக்கப்பட்டவை. எங்கள் கட்டடத்திலும் அப்படி ஒன்று இருந்தது. அனுப்புவது யார் என்று அரை நாள் தேடினேன். கேபிளை மாற்றினேன், ஸ்விட்சை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் அனுப்பியது பக்கத்து மேசையில் இருந்த 192.168.1.10. பாக்கெட் சரியாகத்தான் இருந்தது. அதை எழுத்தாக்கிய என் நான்கு வரிகள்தான் முகவரியைத் தலைகீழாக அச்சிட்டிருந்தன.

முகவரியைத் தப்பாக அச்சிட்டால் நிரல் விழாது, எச்சரிக்கையும் வராது. வேறொரு கணினியின் சரியான முகவரி போலவே அது திரையில் நிற்கும். அதனால்தான் இந்தச் சின்ன வேலைக்கு இவ்வளவு நீளமான வழிகாட்டி. கெர்னல், டிரைவர், மைக்ரோகன்ட்ரோலர், சி மொழியில் எழுதும் நெட்வொர்க் சேவை என்று எதில் வேலை செய்தாலும் இது பயன்படும்.

முதலில் இடத்தைக் கணக்கிடுங்கள்

எழுதத் தொடங்குமுன் அதிகபட்ச நீளம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஐபிவி4 முகவரி 32 பிட், அதாவது 4 பைட். மிக நீளமான வடிவம் 255.255.255.255, 15 எழுத்து. சி மொழியில் சரத்தின் முடிவைக் காட்டும் பூஜ்ஜிய பைட்டையும் சேர்த்தால் 16.

ஐபிவி6 முகவரி 128 பிட். நான்கு ஹெக்ஸ் (பதினாறடிமான) இலக்கம் கொண்ட எட்டுக் குழுக்கள், இடையில் ஏழு கோலன். மொத்தம் 39 எழுத்து. ஆனால் சி தலைப்புக் கோப்பில் இதற்கென இருக்கும் மாறிலியை (INET6_ADDRSTRLEN) பார்த்தால் 40 என்று இருக்காது, 46 என்று இருக்கும். கடைசி 32 பிட்டைப் புள்ளி வைத்த ஐபிவி4 வடிவில் எழுதவும் அனுமதி உண்டு என்பதுதான் காரணம். ஆறு குழுக்களுக்கு 24, கோலன்களுக்கு 6, ஐபிவி4 பகுதிக்கு 15. ஆக 45, முடிவு பைட்டுடன் 46.

விண்டோஸில் இதே பெயருள்ள மாறிலிகளின் மதிப்பு ஐபிவி4-க்கு 22, ஐபிவி6-க்கு 65. அங்கே போர்ட் எண்ணுக்கும் மற்றதுக்கும் சேர்த்து இடம் விட்டிருக்கிறார்கள். எனவே எண்ணைக் கையால் எழுதாமல் மாறிலியின் பெயரையே பயன்படுத்துங்கள்.

இடம் போதாவிட்டால் என்ன ஆகும்? 192.0.2.100 என்பது 11 எழுத்து. 11 பைட் பஃபரில் (எழுத ஒதுக்கிய நினைவக இடம்) எஸ்என்பிரிண்ட்எஃப் என்ற, அளவு மீறாமல் அச்சிடும் சார்பைக் கொண்டு எழுதினால் அது பஃபரைத் தாண்டாது. ஒழுங்காகக் கடைசி எழுத்தை வெட்டிவிட்டு 192.0.2.10 என்று தரும். நினைவகப் பிழை எதுவும் இல்லை என்பதால் நினைவகச் சோதனைக் கருவிகள் பிடிக்காது. ஆனால் லாக்கில் இருப்பது வேறொருவரின் முகவரி. சாதாரணச் சொல் வெட்டுப்பட்டால் கண்ணுக்குத் தெரியும். முகவரி வெட்டுப்பட்டால் தெரியாது. ஆகவே என் விதி இதுதான்: முழுவதும் எழுத இடமில்லை என்றால் ஒன்றுமே எழுதக் கூடாது, பிழைக் குறியைத் திருப்ப வேண்டும். பைட்டுகளை முகவரி எழுத்தாக்கும் நூலகச் சார்பான இனெட்_என்டிஓபி அப்படித்தான் செய்கிறது. இடம் போதாதபோது வெற்றுப் பாயின்டரைத் திருப்பி, காரணத்தைப் பிழை எண்ணில் வைக்கும். அந்தத் திருப்பு மதிப்பைப் பார்க்காமல் விடுவதுதான் நாம் செய்யும் தப்பு.

பைட்டுகளை வந்த வரிசையிலேயே படியுங்கள்

நெட்வொர்க்கில் முகவரியின் பெரிய பைட் முதலில் வரும். நம் மேசையிலும் பையிலும் இருக்கும் பெரும்பாலான செயலிகள் சிறிய பைட்டை முதலில் வைப்பவை. நான்கு பைட்டையும் ஒரே 32 பிட் முழு எண்ணாகப் படித்து, மேலிருந்து கீழாக 24, 16, 8, 0 என்று ஷிஃப்ட் செய்து அச்சிட்டால் வரிசை புரண்டுவிடும். 192.168.1.10 என்பது 10.1.168.192 ஆனது இப்படித்தான்.

இதற்கு, பைட் வரிசையை மாற்றும் சார்பைச் சேர்ப்பது ஒரு வழி. எனக்குப் பிடித்தது வேறு வழி: முழு எண்ணாகவே படிக்காதீர்கள். முகவரி தொடங்கும் இடத்துக்கு ஒரு பைட் பாயின்டரை வைத்து 0, 1, 2, 3 என்று வரிசையாக எடுங்கள். எந்தச் செயலியிலும் ஒரே விடை வரும். எங்கே மாற்றினோம், எங்கே மாற்றவில்லை என்று நினைவில் வைக்கவும் வேண்டாம்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஈதர்நெட் தலைப்பு 14 பைட். அதன் பின் வரும் ஐபிவி4 தலைப்பில் 12-ஆவது பைட்டில் அனுப்புநர் முகவரி தொடங்குகிறது. ஃபிரேம் தொடக்கத்திலிருந்து எண்ணினால் 26; நான்கால் வகுபடாது. ஃபிரேம் நான்கின் மடங்கில் தொடங்கியிருந்தால், அந்த இடத்திலிருந்து 32 பிட்டை ஒரே மூச்சில் படிக்கச் சொன்னால் சில சிறிய செயலிகள் அங்கேயே பிழை கொடுத்து நின்றுவிடும். பைட் பைட்டாகப் படித்தால் அந்தப் பேச்சே இல்லை.

பாயின்டரின் வகை குறியில்லாத பைட்டாக இருக்கட்டும். குறியுள்ள சார் (char) வகையாக இருந்தால் 192 என்பது −64 ஆகத் தெரியும்; லாக்கில் −64.0.2.1 என்று வந்து நிற்கும். பார்த்ததும் தப்பு என்று தெரிகிற பிழை என்பதால் இது பரவாயில்லை ரகம்.

ஐபிவி4: மூன்று இலக்கத்துக்குள் முடிகிற வேலை

நிலையான நூலகம் இருந்தால் நான்கு குறியில்லாத எண்களையும் புள்ளி வைத்து அச்சிட்டு முடித்துவிடலாம். நூலகம் இல்லாத இடத்தில், அல்லது இன்டரப்ட் (வன்பொருள் குறுக்கீடு) நடுவில், நாமே இலக்கம் பிரிக்க வேண்டும்.

ஒரு பைட்டின் மதிப்பு 0 முதல் 255 வரை. கோர்டெக்ஸ்-எம்0 போன்ற செயலிகளில் வகுத்தல் கட்டளையே கிடையாது. கம்பைலர் அதற்கென ஒரு துணைச் சார்பை அழைக்கும். அதைத் தவிர்க்க ஒரு பழைய உத்தி உண்டு: எண்ணை 205-ஆல் பெருக்கி, 11 பிட் வலப்பக்கம் தள்ளுங்கள். 205-ஐ 2048-ஆல் வகுத்தால் பத்தில் ஒன்றைவிட மயிரிழை அதிகம், அவ்வளவுதான். 255 வரை இது பிசகாது. 255 × 205 = 52,275; 16 பிட்டுக்குள் அடங்குகிறது. 11 பிட் தள்ளினால் 25. மீதி 255 − 250 = 5, அதுதான் கடைசி இலக்கம். 25-க்கும் அதையே செய்தால் 2-உம் 5-உம் கிடைக்கும்.

முன்னால் வரும் பூஜ்ஜியங்களை எழுத வேண்டாம். லாக்கில் வரிசைகள் நேராக நிற்க வேண்டும் என்று 192.168.010.001 போல எழுதும் பழக்கம் சிலரிடம் உண்டு. எழுத்தைப் பைட்டாக்கும் இனெட்_ஏடிஓஎன் போன்ற பழைய சார்புகள் பூஜ்ஜியத்தில் தொடங்கும் எண்ணை எட்டடிமான எண்ணாகப் படிக்கும். 010 என்றால் 8. நீங்கள் அச்சிட்டதை யாராவது நகலெடுத்து இன்னொரு கருவியில் ஒட்டினால் அது 192.168.8.1 ஆகிவிடும். இது கற்பனை ஆபத்து இல்லை. 2021-இல் நெட்மாஸ்க் என்ற நோட்.ஜேஎஸ் பொதி, பைதானின் ஐபி முகவரி நூலகம், கோ மொழியின் நெட்வொர்க் நூலகம் மூன்றிலும் இதே முன்பூஜ்ஜிய விவகாரம் பாதுகாப்புக் குறையாகப் பதிவாகித் திருத்தப்பட்டது. வரிசை நேராக நிற்க வேண்டும் என்றால் எண்களுக்குள் பூஜ்ஜியம் சேர்க்காமல், முழுச் சரத்துக்கும் பின்னால் இடைவெளி சேருங்கள்.

ஐபிவி6: ஒரே முகவரி, ஒரே எழுத்து

ஐபிவி4-இல் தப்பு செய்யும் வழிகள் குறைவு. ஐபிவி6-இல் சிக்கல் வேறு மாதிரி: சரியாக எழுதும் வழிகளே பல. கூகுளின் பொது டிஎன்எஸ் முகவரியை எடுத்துக்கொள்வோம்.

2001:4860:4860:0000:0000:0000:0000:8888
2001:4860:4860:0:0:0:0:8888
2001:4860:4860::8888

மூன்றும் ஒன்றே, 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4291 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆவணம்) மூன்றையும் ஏற்கிறது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு லாக்கில் கிரெப் போட்டுத் தேடுபவருக்கு இவை மூன்று தனித்தனிச் சரங்கள். ஒரு சேவை முதல் வடிவில் எழுதி, ஃபயர்வால் மூன்றாவது வடிவில் எழுதினால் தேடல் பாதியைத் தவறவிடும். இதைத் தீர்க்கத்தான் 2010 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 5952 வந்தது. படிக்கும்போது எல்லா வடிவத்தையும் ஏற்றுக்கொள், எழுதும்போது ஒரே வடிவத்தில் எழுது என்பது அதன் சாரம். விதிகள் ஐந்தே:

குழுவின் முன்பூஜ்ஜியங்களை நீக்க வேண்டும்; 0050 என்பது 50. பின்னால் வரும் பூஜ்ஜியத்தைத் தொடக் கூடாது. 0100 என்பது 100, ஒருபோதும் 1 ஆகாது.

இரட்டைக் கோலனைப் பயன்படுத்தினால் அந்தத் தொடரில் உள்ள எல்லாப் பூஜ்ஜியக் குழுக்களையும் அது விழுங்க வேண்டும்.

ஒரே ஒரு பூஜ்ஜியக் குழு தனியாக இருந்தால் சுருக்கக் கூடாது. 2001:1:1:1:0:1:1:1 அப்படியே நிற்க வேண்டும்.

பல தொடர்கள் இருந்தால் நீளமானதைச் சுருக்க வேண்டும். நீளம் சமமாக இருந்தால் முதலில் வருவதை.

ஹெக்ஸ் எழுத்துகள் ஏ முதல் எஃப் வரை எல்லாம் சிறிய எழுத்தில்.

இதை நிரலாக்க இரண்டு சுற்று போதும். முதல் சுற்றில் 16 பைட்டையும் இரண்டிரண்டாகச் சேர்த்து எட்டு எண்களாக்குங்கள். முதல் பைட்டை 8 பிட் இடப்பக்கம் தள்ளி அடுத்த பைட்டைச் சேர்த்தால் ஒரு குழு. அப்புறம் இடமிருந்து வலமாக நடந்து, ஒவ்வொரு பூஜ்ஜியத் தொடரின் தொடக்கத்தையும் நீளத்தையும் பாருங்கள். இதுவரை கண்டதைவிடக் கண்டிப்பாக நீளமாக இருந்தால் மட்டும் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘சமமாகவோ நீளமாகவோ’ என்று ஒப்பிட்டால் சமமான தொடர்களில் கடைசித் தொடர் தேர்வாகிவிடும். இந்த ஒரு எழுத்துப் பிழையை நான் பல நிரல்களில் பார்த்திருக்கிறேன். சுற்று முடிந்ததும், குறித்த நீளம் 2-க்குக் கீழ் என்றால் அதை அழித்துவிடுங்கள்.

இரண்டாம் சுற்று அச்சிடுவது. கோலனை எங்கே போடுவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். குழுவை எழுதியவுடன் கோலனையும் எழுதிவிட்டால் கடைசியில் ஒன்று மிஞ்சும். அதற்குப் பதில் ‘கோலன் பாக்கி’ என்று ஒரு கொடி வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் அது இறங்கியிருக்கும். சாதாரணக் குழு வந்தால்: கொடி ஏறியிருந்தால் ஒரு கோலன் எழுதி, பிறகு எண்ணை எழுதி, கொடியை ஏற்றுங்கள். சுருக்க வேண்டிய தொடர் வந்தால்: இரண்டு கோலன் எழுதி, கொடியை இறக்கி, தொடரின் முடிவுக்குத் தாவுங்கள். லினக்ஸ் கெர்னலும் இப்படி ஒரு கொடியை வைத்துத்தான் இந்த வேலையைச் செய்கிறது.

கையால் ஓட்டிப் பார்ப்போம். குழுக்கள் 2001, 0, 0, 1, 0, 0, 0, 1. 0-இலிருந்து எண்ணினால் இடம் 1-இல் இரண்டு பூஜ்ஜியம், இடம் 4-இல் மூன்று, பெரியது இரண்டாவது. 2001 எழுதிக் கொடி ஏறுகிறது. அடுத்து :0, :0, :1. இடம் 4-இல் இரட்டைக் கோலன், கொடி இறங்குகிறது, இடம் 7-க்குத் தாவல். அங்கே கோலன் இல்லாமல் 1. விடை 2001:0:0:1::1. எட்டுமே பூஜ்ஜியமாக இருந்தால் இரட்டைக் கோலன் மட்டும் வந்து நிற்கும், அதுவும் சரியே. தனி நிபந்தனை எதுவும் எழுத வேண்டியதில்லை. இந்தக் கொடி முறையை நான் விடாமல் சிபாரிசு செய்வது இதனால்தான்.

முகவரியோடு ஒட்டி வருபவை

போர்ட் எண்ணைச் சேர்க்கும்போது ஐபிவி4-இல் 192.0.2.1:53 என்று எழுதினால் போதும். ஐபிவி6-இல் அப்படியே ஒட்டினால் 2001:4860:4860::8888:53 ஆகும். இது போர்ட் 53-ஆ, இன்னொரு குழுவா? சொல்ல முடியாது, 53-ஐக் கடைசிக் குழுவாகக் கொண்ட முழுமையான முகவரியாகவும் அது செல்லும். சதுர அடைப்புக்குள் வையுங்கள்: [2001:4860:4860::8888]:53.

ஐபிவி4-ஐ உள்ளே சுமக்கும் முகவரிகள் அடுத்தது. முதல் 80 பிட் பூஜ்ஜியம், அடுத்த 16 பிட் முழுவதும் ஒன்று, கடைசி 32 பிட் ஐபிவி4 முகவரி என்றால், அந்தக் கடைசிப் பகுதியைப் புள்ளி வைத்தே எழுதுவது நல்லது. இரண்டு வகை இணைப்பையும் ஒரே சாக்கெட்டில் ஏற்கும் சேவையில் ஐபிவி4 வாடிக்கையாளர்கள் இந்த உருவில்தான் வருவார்கள். அதை ஹெக்ஸில் அச்சிட்டால் யாருக்கும் அடையாளம் தெரியாது.

அதே கேபிளுக்குள் மட்டும் செல்லும் லிங்க்-லோக்கல் முகவரிகளுக்கு எந்த இடைமுகம் என்பதும் தேவை. 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4007 சொல்கிறபடி முகவரிக்குப் பின் சதவீதக் குறியும் இடைமுகப் பெயரும் வரும். இனெட்_என்டிஓபிக்கு வெறும் 16 பைட் மட்டுமே கிடைப்பதால் இதை அதனால் சேர்க்க முடியாது. கெட்நேம்இன்ஃபோ என்ற சார்பை அழைக்க வேண்டும், அல்லது நீங்களே ஒட்ட வேண்டும். லினக்ஸில் இடைமுகப் பெயர் அதிகபட்சம் 15 எழுத்து. 45 + 1 + 15, அடைப்புக்கு 2, கோலனுக்கு 1, போர்ட்டுக்கு 5, முடிவு பைட் 1. எல்லாம் சேர்ந்த பஃபர் 70 பைட்.

மேக் முகவரி (நெட்வொர்க் வன்பொருளின் முகவரி) எளிது: ஆறு பைட், ஒவ்வொன்றும் இரண்டு ஹெக்ஸ் இலக்கம், நடுவே ஐந்து கோலன், 17 எழுத்து. இங்கே முன்பூஜ்ஜியத்தை நீக்கக் கூடாது. புளூடூத் முகவரி மட்டும் பைட் வரிசை தலைகீழாகச் சேமிக்கப்படும், அதைக் கவனியுங்கள்.

எழுதிய சரம் எங்கே வாழ்கிறது?

இனெட்_என்டிஓஏ என்ற பழைய சார்பு இன்னும் பல பாடங்களில் உயிரோடு இருக்கிறது. அது விடையைத் தன் உள்ளே இருக்கும் ஒரே நிலையான பஃபரில் எழுதி, அதன் பாயின்டரைத் தரும். ஒரே அச்சு வரியில் அனுப்புநருக்கு ஒரு முறை, பெறுநருக்கு ஒரு முறை அழைத்தால் இரண்டு இடத்திலும் ஒரே முகவரி அச்சாகும். இரண்டாவது அழைப்பு முதலாவதன் மேல் எழுதிவிட்டது. ஒருவர் தனக்குத்தானே பாக்கெட் அனுப்புவது போல லாக் காட்டும். லினக்ஸில் பரவலான சி நூலகமான க்ளிப்சியில் ஒவ்வொரு திரெட்டுக்கும் தனிப் பஃபர் உண்டு; ஆனால் ஒரே வரியில் இரண்டு முறை அழைக்கும் இந்தச் சிக்கலை அது தீர்க்காது. ஐபிவி6-உம் அதற்குத் தெரியாது.

நீங்கள் எழுதும் சார்பு பஃபரையும் அதன் அளவையும் அழைப்பவரிடமிருந்தே வாங்கட்டும். சிறிய சாதனங்களில் பலர் பயன்படுத்தும் எல்டபிள்யூஐபி நூலகத்தில் இரண்டு வகையும் இருக்கின்றன. பெயர் ‘_ஆர்’ என்று முடிவதைத் தேர்ந்தெடுங்கள்.

லினக்ஸ் கெர்னலில் வேலை செய்பவர்களுக்கு

கெர்னலுக்குள் இவற்றையெல்லாம் நீங்கள் எழுத வேண்டியதில்லை, எழுதவும் கூடாது. முன்பு என்ஐபிக்வாட் என்ற மேக்ரோ முகவரியை நான்கு எண்களாகப் பிரித்து, கெர்னலின் அச்சிடும் சார்பான பிரிண்ட்கேவுக்குத் தரும். 2008 வாக்கில் அதற்குப் பதிலாக வடிவக் குறிகள் வந்தன. சதவீதக் குறி, சிறிய பி, பெரிய ஐ, 4 (%pI4) என்று எழுதி, முகவரியின் பாயின்டரைக் கொடுத்தால் போதும். மதிப்பைக் கொடுக்கக் கூடாது, பாயின்டர்தான். 4-க்குப் பின் சிறிய ஹெச் சேர்த்தால் செயலியின் சொந்த வரிசையில் உள்ள எண்ணாக எடுத்துக்கொள்ளும். எதுவும் சேர்க்காவிட்டால் நெட்வொர்க் வரிசை.

ஐபிவி6-க்கு 6. வெறும் 6 என்றால் 39 எழுத்தும் முழுதாக வரும். சிறிய சி சேர்த்தால்தான் சுருக்கிய வடிவம். லாக்கில் எப்போதும் சி சேர்த்தே எழுதுங்கள். ஐயை மட்டும் சிறியதாக எழுதினால் பொருளே மாறும்: ஐபிவி4-இல் 001.002.003.004 என்று முன்பூஜ்ஜியத்தோடு வரும், ஐபிவி6-இல் கோலனே இல்லாமல் வரும். மேக் முகவரிக்குப் பெரிய எம். புளூடூத்துக்கு அதோடு பெரிய ஆர். முகவரி எந்தக் குடும்பம் என்று தெரியாத சாக்கெட் அமைப்பு கையில் இருந்தால் பெரிய ஐயும் பெரிய எஸ்ஸும்; அதன் பின் சிறிய பி சேர்த்தால் போர்ட்டும் வரும், ஐபிவி6-க்கு சதுர அடைப்பும் தானே வரும்.

பி-க்குப் பின் உள்ளதை மறந்துவிட்டால் முகவரிக்குப் பதில் வெறும் பாயின்டர் அச்சாகும். 2018 ஜனவரியில் வந்த கெர்னல் 4.15 முதல் அதுவும் உண்மையான நினைவக இடமாக இராது, ஹேஷ் செய்த எண்ணாக இருக்கும். லாக்கில் புரியாத நீள ஹெக்ஸ் எண்ணைக் கண்டால் முதலில் வடிவக் குறியைப் பாருங்கள்.

சோதனை

ஐபிவி4-க்கு 0.0.0.0, 255.255.255.255, 192.0.2.1 மூன்றும் அவசியம். மூன்றாவதை முன்பின்னாகப் படித்தால் 1.2.0.192 ஆகும் என்பதால் வரிசைப் பிழை உடனே வெளிப்படும். 127.0.0.127 போன்றதை வைத்துச் சோதிக்காதீர்கள், தலைகீழாகவும் அது அதேதான். பஃபர் அளவை 0 முதல் 16 வரை ஒவ்வொன்றாகக் கொடுத்து, முழு விடை அல்லது பிழை என்ற இரண்டைத் தவிர வேறெதுவும் வரவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

ஐபிவி6-இன் சுருக்க விதிகளைச் சோதிக்க அழகான வழி ஒன்று இருக்கிறது. எட்டுக் குழுவும் 0 அல்லது 1 மட்டும் எடுக்கட்டும். மொத்தம் 256 முகவரிதான். எல்லாவற்றையும் உங்கள் சார்பிலும் இனெட்_என்டிஓபியிலும் கொடுத்து ஒப்பிடுங்கள். நீளமான தொடர், சமமான தொடர், தனிப் பூஜ்ஜியம், தொடக்கம், முடிவு எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். க்ளிப்சியோடு ஒப்பிடும்போது இரண்டு மட்டும் வேறாக வரும்: முதல் ஆறு குழு பூஜ்ஜியமாகவும் ஏழாவது 1 ஆகவும் இருக்கும் இரண்டு முகவரிகள். அவற்றைப் பழைய ஐபிவி4 இணக்க முகவரி என்று எடுத்துக்கொண்டு அது ::0.1.0.0 என்றும் ::0.1.0.1 என்றும் எழுதும். அந்த இரண்டைச் சோதனையில் விலக்காகக் குறித்து, ஏன் என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவையுங்கள். பிறகு கிடைத்த 256 சரங்களையும் இனெட்_பிடிஓஎன் வழியே மீண்டும் பைட்டாக்கி, தொடங்கிய 16 பைட்டும் அப்படியே திரும்புகின்றனவா என்று பாருங்கள். இங்கே விலக்கு எதுவும் கிடையாது. 256-உம் தேற வேண்டும்.